ஏற்காடு ஏறும்போது சூடான வண்டி: ஹெட் கேஸ்கட் போயிருக்குமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2014 மாடல் டீசல் கார், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஏசி போட்டுக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காடு ஏறியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் சூட்டு முள் மேலே போயிருக்கிறது. வரிசையில் மாட்டிக்கொண்டதால் நிறுத்த இடமில்லாமல் இன்னும் இரண்டு வளைவு ஓட்டி, அப்புறம் ஓரங்கட்டி, கேனில் இருந்த தண்ணீரை உடனே ஊற்றி, மேலே போய்த் திரும்பியும் வந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து நாலு நாளைக்கு அரை லிட்டர் கூலண்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் இன்ஜின் குலுங்குகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியின் உள்பக்கம் கொஞ்சம் வெளுப்பு. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டர் மூடி மாற்றினால் போதும் என்கிறார். மூன்றாமவர் ஒரு டப்பா மருந்து ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்கிறார். யார் சொல்வது சரி, வண்டியை ஓட்டலாமா, இனிமேல் கேஸ்கட்டை எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேஸ்கட் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான், ஆனால் சோதித்துப் பார்க்காமல் யாரையும் ஹெட்டில் கைவைக்க விடாதீர்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். மருந்து வேண்டவே வேண்டாம். கேஸ்கட்டைப் பராமரிப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. நீங்கள் பராமரிக்க வேண்டியது தண்ணீரை, அதாவது கூலண்ட், அதைச் சுற்ற வைக்கிற பம்ப், ஆற வைக்கிற ஃபேன், அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மூடி, இவற்றை. சேலத்தில் இருபத்தைந்து வருடமாக நான் இறக்கிய ஹெட்டுகளில் கேஸ்கட் தானாக வயதாகிச் செத்தது மிகச் சொற்பம். சூட்டில் வெந்து செத்ததுதான் ஏறக்குறைய எல்லாமே.

கேஸ்கட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கீழே பிளாக், அதில் பிஸ்டன் ஓடும் சிலிண்டர்கள். மேலே ஹெட், அதில் வால்வுகள். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கட். அந்த மெல்லிய தகடு மூன்று விதமான பொருட்களை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது: சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றிலும் ஓடும் கூலண்ட், மேலும் கீழும் போய் வரும் ஆயில். டயரில் நீங்கள் 32 பவுண்டு காற்றுப் பிடிக்கிறீர்கள். உங்கள் டீசல் இன்ஜினில் எரியும் அந்தக் கணத்தில் அழுத்தம் 2000 பவுண்டைத் தாண்டும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரில் மட்டும் நொடிக்கு 25 முறை அப்படி அடிக்கிறது. வாயுவின் சூடு உச்சத்தில் 2000 டிகிரிக்கு மேல். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் கேஸ்கட்டின் அகலம் விரல் கனம்கூட இருக்காது. இவ்வளவையும் அது பல லட்சம் கிலோமீட்டர் தாங்குகிறது என்றால், ஹெட் போல்ட்டுகள் அதை விடாமல் அமுக்கிப் பிடித்திருப்பதால்தான்.

பழைய வண்டிகளில் கல்நார் வைத்த கேஸ்கட், அப்புறம் கிராஃபைட் வந்தது. இப்போது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து எஃகுத் தகடுகளை அடுக்கி, மேலே ரப்பர் மாதிரி மெல்லிய பூச்சுப் பூசியது. அந்தத் தகடுகளில் சிலிண்டரைச் சுற்றி ஒரு மேடு அழுத்தி விட்டிருப்பார்கள். அது ஸ்பிரிங் மாதிரி ஹெட்டோடு சேர்ந்து மூச்சு விடும். நல்ல பொருள். ஆனால் அது உட்காரும் இரண்டு பரப்பும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகவும் சமமாகவும் இருந்தால்தான் பிடிக்கும்.

இனி உங்கள் மலைக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு 1400 கிலோவை 1200 மீட்டருக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் தூக்குவதற்கு மட்டும் நாலரை யூனிட் கரண்டுக்குச் சமமான வேலை. இன்ஜினில் எரியும் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகும், ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகும், இன்னொரு பங்கு கூலண்டில்தான் இறங்கும். ஆக, வீட்டில் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிற கீசர் மூன்றை முக்கால் மணி நேரம் விடாமல் ரேடியேட்டருக்குள் போட்டு வைத்தது போன்ற சூடு. பைபாஸில் 80-ல் போனால் எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். 20 வளைவிலும் முதல் கியர், இரண்டாவது கியர், முன்னால் பஸ், பின்னால் வரிசை. காற்றே அடிக்காது, ஃபேன் ஒன்றுதான் கதி. ஏசி போட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரின், அதாவது ஏசியின் சூட்டை வெளியே விடும் பெட்டியின் சூடும் அதன் தலையிலேயே விழும். கோடை விழா சமயத்தில் அடிவாரத்திலேயே வரிசை கட்டினால் கேட்கவே வேண்டாம்.

இதில் அந்தச் சின்ன ரேடியேட்டர் மூடியின் பங்கு பலருக்குத் தெரிவதில்லை. ஏற்காடு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90-ஐ ஒட்டித்தான். மூடி நன்றாக இருந்தால் உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை 120-ஐ ஒட்டித் தள்ளும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால், சேலத்தில் சும்மா ஓடுகிற வண்டி பதினான்காவது வளைவில் கொதிக்கும். ஆகவே மூடியைக் குறை சொன்ன அந்த மெக்கானிக் தவறாகச் சொல்லவில்லை. சூடானதற்குக் காரணம் மூடியாக இருந்திருக்கலாம். ஆனால் சூடான பிறகு உள்ளே என்ன ஆனது என்பது வேறு கேள்வி. காரணத்தை மாற்றிவிட்டால் விளைவு சரியாகிவிடாது.

விளைவு இப்படித்தான் வரும். ஹெட் அலுமினியம், பிளாக் பல வண்டிகளில் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு நீளும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெட், குளிர்ந்த நிலையிலிருந்து 80 டிகிரி ஏறினால் 0.8 மில்லிமீட்டர் நீளும், பிளாக் அதில் பாதிதான் நீளும். அந்த வித்தியாசத்தைக் கேஸ்கட் வழுக்கிக் கொடுத்துச் சமாளிக்கும், அதற்காகத்தான் அந்தப் பூச்சு. சூடு எல்லை மீறினால் ஹெட் இன்னும் நீளப் பார்க்கும், பத்துப் போல்ட்டும் விடாது. போக வழியில்லாமல் நடுவில் வில் மாதிரி வளைந்துவிடும். ஆறின பிறகும் அந்த வளைவு முழுதாகத் திரும்பாது. ஒரு முடி அளவு இடைவெளி போதும், அந்த 2000 பவுண்டு வாயு அதற்குள் நாக்கை நீட்டிவிடும்.

நாக்கு என்று சும்மா சொல்லவில்லை. சூடேறி வந்த வண்டியின் ஹெட்டை இறக்கிப் பழைய கேஸ்கட்டைப் பெஞ்சில் வைத்துப் பார்த்தால் தெரியும். சிலிண்டர் ஓட்டையைச் சுற்றி வளையம் பளபளவென்று வெள்ளி மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில், அந்த வளையத்தைத் தாண்டித் தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஒரு கரிக்கோடு ஓடியிருக்கும். மெழுகுவர்த்திச் சுடரைச் சுவரில் காட்டினால் படிகிற கறை மாதிரி, நுனி கூர்ந்து. விரலால் தடவினால் அங்கே பூச்சு உரிந்து எஃகு சொரசொரக்கும். நடுவில் ஏன் என்றால், அங்கேதான் இரண்டு பக்கமும் நெருப்பு, தண்ணீர் போக இடம் குறைவு, ஹெட் அதிகம் வளைவதும் அங்கேதான்.

சரி, உங்கள் வண்டியில் இதுதான் நடந்திருக்கிறதா? ஹெட்டைத் திறக்காமலே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். முதல் சோதனையை நீங்களே வீட்டு வாசலில் செய்யலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, நன்றாக ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கும், கொழகொழவென்று இருக்கும். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி மறுபடி மூடிவிடுங்கள், மிச்ச அழுத்தம் போய்விடும். இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு ஹோஸைப் பிடித்தபடியே நில்லுங்கள். ஃபேனில் சட்டைக் கை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே, ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் கல்லு மாதிரி விறைத்துக்கொண்டால், உள்ளே வாயு நுழைகிறது என்று அர்த்தம். தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏற அதைவிட அதிக நேரம் வேண்டும். குளிர்ந்த ஹோஸ் விறைப்பதற்கு எரிந்த வாயுவைத் தவிர வேறு காரணம் அநேகமாக இல்லை. இந்த ஒரு சோதனைக்கு என் கையை நான் நிறைய நம்புகிறேன்.

ஆனால் டீசல் வண்டிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: இஜிஆர் கூலர். புகைவாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும்முன் அதைக் கூலண்டால் ஆறவைக்கும் ஒரு சின்னக் குழாய்ப்பெட்டி அது. அதற்குள் விரிசல் விட்டால் கூலண்ட் புகைப் பாதைக்குள் கசியும். வெளியே ஒழுகல் இருக்காது, கூலண்ட் குறையும், காலையில் வெள்ளைப் புகை வரும். அப்படியே உங்கள் வண்டியின் அறிகுறிதான்! அதிலிருந்தும் வாயு தண்ணீருக்குள் போய்க் குமிழி காட்டலாம். இதைத் தெரியாமல் ஹெட்டை இறக்கி, கேஸ்கட் மாற்றி, மறுபடி அதே புகையோடு வண்டி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூலருக்குப் போகும் தண்ணீர் ஹோஸ்களைத் தற்காலிகமாகச் சுற்றிவிட்டோ, கூலரைக் கழற்றித் தனியாகக் காற்றுப் பிடித்து நீரில் அமிழ்த்தியோ பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். ஹெட்டை இறக்குவதோடு ஒப்பிட்டால் அது வேலையே இல்லை.

பட்டறையில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, கூலண்ட் பாதையில் கைப்பம்ப் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி ராத்திரி அப்படியே விட்டுவிடுவது. காலையில் முள் இறங்கியிருந்து வெளியே ஈரம் இல்லையென்றால், குளோ பிளக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) கழற்றி, ஓட்டை வழியாகச் சின்னக் கேமரா விட்டு ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். எந்தப் பிஸ்டன் மேல் ஈரம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. உங்கள் இன்ஜின் காலையில் அரை நிமிடம் குலுங்குகிறது என்றால் ஒரு சிலிண்டரில் ராத்திரியில் கூலண்ட் இறங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது, நீல மருந்துச் சோதனை. அந்த மருந்து உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பம்ப்பால் காற்றை உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் ஐட்லிங்கில் ஓடும்போது காற்று மிகுதியாகவும் எரிந்த வாயு குறைவாகவும் இருப்பதால், கசிவு இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். நிறம் மாறினால் நம்புங்கள். மாறவில்லை என்பதற்காக மட்டும் நிம்மதியடைய வேண்டாம்.

ஆயில் மூடியின் வெளுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள். மேலே ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஜீப். காலைப் பனியில் ஸ்டார்ட் செய்து, அரை கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி அரை கிலோமீட்டர். இன்ஜின் சூடேறவே வாய்ப்பில்லை. உள்ளே வியர்க்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியின் அடியில் ஆயிலோடு சேர்ந்து மோர் மாதிரி நுரைத்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வேறொரு பட்டறையில் ஹெட்டை இறக்கிவிட்டார்கள். கேஸ்கட் புதுசு மாதிரி இருந்தது. அப்புறம் முறுக்கியது சரியில்லாமல், அதுவரை இல்லாத ஒழுகல் வந்து, வண்டி என்னிடம் வந்தது. மூடியில் மட்டும் வெளுப்பு இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அதிலும் பால் காப்பி நிறம் இருந்தால், ஆயில் அளவு ஏறியிருந்தால், அது கவலைப்பட வேண்டியது. அப்போதும் கேஸ்கட்தான் என்று இல்லை, ஆயில் கூலர் உடைந்தாலும் இரண்டும் கலக்கும்.

சோதனை முடியும்வரை ஏன் ஓட்டக்கூடாது என்கிறேன் என்றால், தண்ணீரை அமுக்க முடியாது. ராத்திரியில் ஒரு சிலிண்டருக்குள் கொஞ்சம் அதிகமாகக் கூலண்ட் இறங்கிவிட்டால், காலையில் சாவி திருப்பும்போது பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ்கட் வேலையாக முடிய வேண்டியது முழு இன்ஜின் வேலையாகிவிடும். ஸ்டார்ட்டர் பாதியில் டக்கென்று நின்றால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள், வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இன்னொன்று, கூலண்ட் குறைந்துபோன இன்ஜினில் சூட்டு முள்ளையும் நம்ப முடியாது. சென்சார் தண்ணீரில் நின்றால்தான் அளக்கும். தண்ணீர் இறங்கி அது ஆவியில் தொங்கினால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது முள் சாதுவாக நடுவில் நிற்கலாம்.

டப்பா மருந்து கேஸ்கட்டின் கசிவை நிலையாக அடைக்காது. ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் பெட்டியையும் அடைக்கக்கூடும். அடைத்தால் இன்னும் சூடேறும். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு ஊர் வந்து சேர்வார்கள். அது ரேடியேட்டரின் ஊசி ஓட்டைக்கு, வழியில் வேறு கதி இல்லாதபோது செய்கிற வேலை. 2000 பவுண்டு வாயுவுக்கு முன்னால் மஞ்சளும் நிற்காது, மருந்தும் நிற்காது.

கேஸ்கட்தான் என்று உறுதியாகிவிட்டால், எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள். கேஸ்கட்டின் விலை ஒரு பெரிய செலவே இல்லை. கூலியும் ஃபேஸிங் வேலையும்தான் (வளைந்த பரப்பைக் கடைந்து சமமாக்குவது) செலவு. அதனால் ஒரே தடவையில் சரியாக முடிய வேண்டும். ஹெட்டை முழுக்க ஆறின பிறகுதான் இறக்க வேண்டும், சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் அதிலேயே வளைந்துவிடும். இறக்கியதும் நேரான எஃகுச் சட்டத்தை ஹெட் மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் ஃபேஸிங் போட வேண்டும். பிளாக்கையும் அதேபோலப் பார்க்கச் சொல்லுங்கள், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சூடான இன்ஜினில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதால் ஹெட்டில் விரிசல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றுப் பிடித்து, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் ஃபேஸிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். சில டீசல் ஹெட்டுகளில் ஃபேஸிங்குக்கே கம்பெனி அனுமதி இல்லை, வளைந்தால் மாற்ற வேண்டியதுதான். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் அது போட்டிருக்கும்.

டீசலில் இன்னொரு நுணுக்கம். கேஸ்கட் ஒரே கனத்தில் வராது. ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளோ வெட்டுகளோ இருக்கும், அதை எண்ணித்தான் கனத்தைத் தெரிந்துகொள்வது. பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜில் அளந்து, அதற்கேற்ற கனம் போட வேண்டும். கடையில் இருந்ததை வாங்கிப் போட்டால் கம்ப்ரஷன் மாறும், மோசமாகப் போனால் பிஸ்டன் ஹெட்டில் தட்டும்.

பழைய கேஸ்கட் பிசிறைச் சுரண்டுவதற்குச் சிலர் கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டி விடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அதைவிடக் கெடுதல், அந்தப் பொடி ஆயில் வழிகளுக்குள் போய்க் கொஞ்ச நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். எஃகுக் கேஸ்கட்டின் மேல் சிலிகான் பசை தடவுவதும் வேண்டாம், டைமிங் கவர் சேரும் மூலை போலக் கம்பெனி சொன்ன இடத்தில் மட்டும் ஒரு துளி. போல்ட் இறங்கும் ஓட்டைகளை ஊதிக் காய வைக்க வேண்டும். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அதன் மேல் முட்டிக்கொண்டு நிற்கும், டார்க் ரென்ச் (முறுக்கும் பலத்தை அளக்கும் ஸ்பானர்) போதும் என்று கிளிக் சத்தம் கொடுக்கும், ஹெட் அமுங்கியே இருக்காது. பிளாக் விண்டுபோனதும் உண்டு.

போல்ட்டைப் பற்றி என் சொந்த அனுபவம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வாடகைக் காருக்குக் கேஸ்கட் மாற்றினேன். புது போல்ட் கிடைக்க இரண்டு நாள் ஆகும், ஓனருக்கு மறுநாள் சவாரி. பழைய போல்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதையே போட்டேன். மூன்று மாதத்தில் அதே இடத்தில் கேஸ்கட் போய் வண்டி திரும்பி வந்தது. இப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் ஹெட் போல்ட் இழுபட்டு நீள்வதற்காகவே செய்தது. ஒரு அளவுக்கு டார்க் வைத்து, அப்புறம் 90 டிகிரி, சிலதில் இன்னும் ஒரு 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்புவார்கள். ஒருமுறை நீண்டது மறுமுறை அதே பிடி பிடிக்காது. அந்த இரண்டாவது வேலையை முழுக்க என் செலவில் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து புது போல்ட் வராமல் ஹெட்டை உட்கார வைத்ததில்லை. முறுக்குவது எப்போதும் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, படிப்படியாக. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் காற்றுப் பிடித்த சப்பாத்தி மாதிரி ஹெட் உப்பி நிற்கும்.

வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் புதுசு, கணக்குப் பார்க்கவே கூடாது. கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்கைக் கெடுக்கும். கூலண்ட் நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, ஏர் போகும்வரை மெல்ல ஊற்ற வேண்டும். உள்ளே காற்று அடைபட்டு ஏர் லாக் நின்றால் புதுக் கேஸ்கட்டும் முதல் நாளிலேயே வேகும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் ஏன் சூடானது என்ற காரணம் கையில் கிடைத்திருக்க வேண்டும். மூடியா, ஃபேன் ரிலேயா, தெர்மோஸ்டாட்டா (சூடேறிய பிறகு கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), வாட்டர் பம்பா, அடைத்த ரேடியேட்டரா? அது கிடைக்காமல் பில் போட்டால், பணத்தைக் கொடுக்கும்முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இனிப் பராமரிப்பு. நம் ஊரில் முதல் எதிரி போர் தண்ணீர். மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் பூமியைத் தோண்டினால் வெள்ளைக்கல் வருகிற ஊர் இது. பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று வீட்டுக் குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும். அதே பொருக்குதான் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் சந்துகளில் படியும். பொருக்கு சூட்டைக் கடத்தாது. வெளியே தண்ணீர் 90 டிகிரியில் ஓடும், பொருக்குக்குப் பின்னால் அலுமினியம் வெந்துகொண்டிருக்கும். ரெடிமேட் கூலண்ட் ஊற்றுங்கள், அல்லது கெட்டிக் கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. குளிர் இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை ஏற்றுவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் நமக்குத் தேவையான வேலை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள், வகை மாறினவற்றைக் கலக்காதீர்கள். மாற்றும் காலமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பாட்டிலில் அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக ஏழெட்டு வருடம் விட்டுவிடாதீர்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்து அதற்குள் தீர்ந்திருக்கும். கூலண்ட் இனிப்பாக இருக்கும், விஷம். சிந்தினால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தெரு நாயும் பூனையும் நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் வண்டி சூடாகாது என்று சொல்லும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சேலத்துச் சமவெளியில் சூடே ஏறாமல் ஓடும், எண்ணெய் அதிகம் குடிக்கும், உள்ளே ஈரம் தங்கும். மலையில் சூடாவதற்கு வேறு காரணம் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். பழுதானால் அதே டிகிரியில் புதுசு போடுங்கள். மூடியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம். ஹோஸைச் சர்வீஸ் தோறும் பிசைந்து பாருங்கள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடுவில் அடைந்திருக்கும் தூசியையும் பூச்சியையும் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மலை ஏறும்போது, அடிவாரத்துக்கு முன்னாலேயே ஆறின இன்ஜினில் கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கியரைப் பெரிதாக வைத்து இன்ஜினை முக்கவிடாதீர்கள். இரண்டாவது கியரில் கொஞ்சம் கலகலவென்று சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகப் போனாலும் இதே கதைதான், ஏற்றம் ஏற்றம்தான். முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். ஹீட்டரும் இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான். ஹீட்டரில் சூடு வராமல் குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீரே இல்லை என்று அர்த்தம், அந்த நொடியே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். முள் சிவப்பைத் தொட்டாலும் அப்படித்தான், சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில் அது எரிந்தாலும் அப்படித்தான். அடுத்த வளைவில் நிறுத்த இடம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் ஹெட்டுக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. டயருக்குக் கல்லை வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விண்டுவிடும். மூடியைக் கையால் தொட்டு நிற்க முடிகிற அளவு ஆறின பிறகு, துணியைப் போட்டு, கொஞ்சம் திருகி, அழுத்தம் முழுக்கப் போக விட்டு, அப்புறம் கழற்றுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக.

இறங்கும்போது முதல், இரண்டாவது கியரில் இன்ஜின் இரைவதைக் கேட்டுச் சிலர் பயந்து நியூட்ரலில் விடுகிறார்கள். அந்த இரைச்சலால் கேஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் எண்ணெய் எரிவதில்லை, இன்ஜின் ஆறிக்கொண்டுதான் வரும். கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கும் பிழைக்கும்.

நாளைக் காலை அந்த ஹோஸைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்று மட்டும், முதலில் சாவியை ஒரு நொடி மட்டும் திருப்பி விடுங்கள், ஸ்டார்ட்டர் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். விறைத்ததா, எத்தனை நிமிடத்தில் விறைத்தது, ஆயில் குச்சியில் என்ன நிறம், இந்த மூன்றும் தெரிந்தால் இஜிஆர் கூலரை முதலில் பார்ப்பதா, ஹெட் பக்கம் போவதா என்று சொல்லிவிடுகிறேன்.